ராணுவம் நட்ட வேலியும் ராத்திரி எரிஞ்ச விளக்கும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். இப்பவும் ஒண்ணும் குறைஞ்சபாடில்லை, ஆனா இதை எழுதி முடிக்காம வேற எதுவும் ஓட மாட்டேங்குது. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் பறவை, கடைசியில என் மண்டையில நானே ஒரு குட்டு. பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க மக்களே.

போன வருசம் மே மாசம் ஒரு சனிக்கிழமை. காலை அஞ்சு மணிக்கு எங்க டீம் டெஸ்டிங் லீட் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. அமெரிக்கர், அறுபதை நெருங்கிட்டாரு. நமக்குள்ள 'பெருசு'ன்னு வச்சுக்குவோம். "கிளம்பு, உனக்கு ஒரு வேலி காட்டுறேன்"னாரு. வேலி பார்க்க எவனாவது அஞ்சு மணிக்கு எந்திரிப்பானா? ஆனா அந்த வாரம் நான் செஞ்ச ஒரு காரியத்தை அவர்கிட்ட சொல்லியிருந்தேன். அதனால மறுக்க வாய் வரலை. என்ன காரியம்ங்கிறதைக் கடைசியில சொல்றேன்.

சிகாகோவின் வடக்குப் பக்கம், மிச்சிகன் ஏரிக்குள்ள மூக்கு நீட்டிக்கிட்டு நிக்கிற இடம் மான்ட்ரோஸ் பாயின்ட். லிங்கன் பார்க்கோட ஒரு பகுதி. அங்க சுமார் 150 கஜ நீளத்துக்கு ஒரு புதர், மர வரிசை. இதுக்குப் பேரு 'மேஜிக் ஹெட்ஜ்', அதாவது மந்திர வேலி. பார்க்க ஒரு மந்திரமும் இல்லை. நம்ம ஊர்ல இப்படி ஒரு புதரைப் பார்த்தா 'பாம்பு இருக்கும், தள்ளிப் போ'ம்பாங்க. ஆனா அந்தப் பூங்காவில் இதுவரை 300க்கும் மேற்பட்ட பறவை இனங்களைப் பார்த்துப் பதிவு செஞ்சிருக்காங்க. மே மாசம் பாதி அமெரிக்காவே தொலைநோக்கியோட அங்கதான் நிக்குதோன்னு தோணும்.

இந்த வேலி எப்படி வந்ததுன்னு பெருசு சொல்ல ஆரம்பிச்சாரு. வீட்டுக்கு வந்து நானும் கொஞ்சம் தேடிப் படிச்சேன்.

முதல்ல அந்த நிலமே இயற்கை இல்லை. ஏரியில் மண்ணைக் கொட்டித் தூர்த்து உண்டாக்கினது. சிகாகோக்காரர்களுக்கு அது கைவந்த கலை. லிங்கன் பார்க்கை வடக்கே நீட்டிக்கிட்டே போனாங்க, அதுல உருவானதுதான் மான்ட்ரோஸ். 1930களின் பிற்பகுதியில் ஆல்ஃபிரட் கால்ட்வெல் என்ற நிலவடிவமைப்பாளர் இந்த இடத்துக்கு ஒரு திட்டம் போட்டார். யென்ஸ் யென்சன் என்ற பெரிய மேதையிடம் வேலை கற்றவர். இருவருக்கும் ஒரே கொள்கை: இந்த மண்ணில் என்ன செடி தானாக வளருமோ அதை வைத்தே பூங்கா அமைக்கணும். பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர்களுக்கு அரசு கொடுத்த நிவாரண வேலைகள்தான் அன்றைக்குப் பூங்காக்களுக்குக் கை கொடுத்தன.

அப்புறம் பனிப்போர் வந்தது. 1950களில் சோவியத் குண்டுவீச்சு விமானம் எந்த நிமிஷமும் வரலாம்னு அமெரிக்க நகரங்களுக்கு ஒரு பயம். சிகாகோவைச் சுற்றி வளையம் மாதிரி 'நைக்' ஏவுகணைத் தளங்களை ராணுவம் அமைத்தது. ஏரிக்கரைப் பூங்காக்களும் தப்பவில்லை. மான்ட்ரோஸ் பாயின்டை ராணுவம் குத்தகைக்கு எடுத்தது. கால்ட்வெல் பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டத்தில் பெரும்பகுதி அதோட போச்சு. பிள்ளைகள் விளையாட வேண்டிய இடத்தில் வீரர்களுக்குக் குடியிருப்பு வந்தது.

பூங்காவுக்கு வர்ற ஜனங்க கண்ணில் அந்தக் குடியிருப்பு படக்கூடாதுன்னு ராணுவம் ஓரமா ஹனிசக்கிள் புதர்களை வரிசையா நட்டது. அவ்வளவுதான் சாமி. அதுதான் மந்திர வேலி. மறைப்புக்கு நட்ட செடி. அதுவும் உள்ளூர்ச் செடி கிடையாது, வெளிநாட்டுச் சரக்கு. கால்ட்வெல் பார்த்திருந்தா தலையில அடிச்சுக்கிட்டிருப்பாரு.

அதுக்குள்ள உலகம் மாறிடுச்சு. விமானத்துக்குப் பதிலா கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் வந்தன. அதை இந்த நைக்கால் ஒண்ணும் செய்ய முடியாது. 1970களில் ராணுவம் மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டுப் போயிடுச்சு. கட்டடம் போச்சு, வேலி மட்டும் நின்னுச்சு. அதை வெட்டணும்னு யாருக்கும் தோணலை. நம்ம புராஜெக்ட்ல பழைய கோடு இருக்குமே, எதுக்குன்னு தெரியாது, எடுத்தா என்ன உடையும்னும் தெரியாதுன்னு அப்படியே விட்டுடுவோமே, அந்த மாதிரி :-)

ஆனா அந்தப் பழைய கோட்டுக்கு ஒரு புது யூசர் கூட்டம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது.

வசந்த காலத்தில் மத்திய, தென் அமெரிக்காவில் இருந்து வடக்கே கோடிக்கணக்கான சின்னப் பறவைகள் கிளம்புது. வார்ப்ளர்னு ஒரு கூட்டம். நம்மூர் கதிர்க்குருவி சைஸ்தான், ஆனா குடும்பம் வேற. எடை சுமார் 10 கிராம், ரெண்டு டீஸ்பூன் சர்க்கரை அவ்வளவுதான். இதுங்க பறக்கிறது ராத்திரியில. பகல்ல இறங்கித் தின்னு, தூங்கி, மறுபடி இருட்டினதும் கிளம்பும். தெற்குக் காத்து அடிச்சா பின்னாடி இருந்து யாரோ தள்ளிவிடுற மாதிரி வேகமா வரும். விடியற நேரத்துல சில பறவைகள் ஏரிக்கு மேல மாட்டிக்கும். கீழே பார்த்தா எங்கேயும் தண்ணி. கண்ணுக்கெட்டின தூரத்துல கரை, அதுல முதல்ல நீட்டிக்கிட்டு நிக்கிற பச்சை மான்ட்ரோஸ். அதுல அடர்த்தியா, பூச்சி நிறைஞ்ச, மறைவான இடம் எது? சோவியத்துக்குப் பயந்து நட்ட வேலி!

அன்னிக்குக் காலையில நான் பார்த்தது ஒரு பிளாக்பர்னியன் வார்ப்ளர். பெருசு கையைக் காட்டினாரு, எனக்கு இலைதான் தெரிஞ்சது. அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு இலை தலையைத் திருப்புச்சு. தொண்டையில நெருப்புத் துண்டு மாதிரி ஆரஞ்சு நிறம். குளிர்காலத்தை ஆண்டிஸ் மலைக்காட்டில கழிக்கிற பறவையாம். நான் ஆன்சைட் வர்றதுக்கு விசா, ஸ்டாம்பிங், ரெண்டு ஃபிளைட், இமிகிரேஷன்ல அரை மணி நேரக் கேள்வி. இது 10 கிராம் உடம்பை வச்சுக்கிட்டு வந்து இறங்கியிருக்கு. கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்தது.

இது வரைக்கும் கதை சுபம். இதே ஏரிக்கரையில தெற்கே சுமார் 13 கிலோமீட்டர் போனா அடுத்த பாதி இருக்கு.

அங்க மெக்கார்மிக் பிளேஸ்னு ஒரு பிரம்மாண்டமான கண்காட்சி மையம். 1960ல் முதல் கட்டடம் திறந்தாங்க. 1967 ஜனவரியில் அது தீப்பிடித்து அழிந்தது. அதே இடத்தில் 1971ல் புதுசு திறந்தது. கறுப்புக் கூரை, ஏரியைப் பார்த்து வரிசையா ராட்சசக் கண்ணாடிகள். இன்றைக்கு அதை லேக்சைடு சென்டர்ங்கிறாங்க. கட்டினவங்க பறவையைக் கொல்லணும்னு கட்டலை. வந்தவங்க ஏரியை ரசிக்கணும்னு கட்டினாங்க. ஆனா ராத்திரி விளக்கு எரிஞ்சா, இருட்டுல பறக்கிற பறவைகளுக்கு அந்த வெளிச்சம் தூண்டில் மாதிரி. வழி தடுமாறி அங்கேயே வட்டமடிக்கும். பறக்கும்போதே ஒண்ணுக்கொண்ணு குரல் கொடுத்துக்கும், அந்தக் குரலைக் கேட்டு மத்ததும் வரும். கண்ணாடின்னு ஒரு பொருள் இருக்குன்னே பறவைக்குத் தெரியாது. போய் மோதும்.

1978ல் சிகாகோவின் ஃபீல்டு மியூசியத்தில் பறவைப் பிரிவில் வேலை பார்த்த டேவிட் வில்லர்டு, அந்தக் கட்டடத்தில் பறவைகள் மோதுதுன்னு கேள்விப்பட்டு ஒரு காலையில் போய்ப் பார்த்தார். மியூசியத்தில் இருந்து கிட்டத்துலதான் இருக்கு. செத்த பறவைகள் கிடந்தன. எடுத்துக்கிட்டு வந்தார். மறுபடி போனார். வலசைக் காலம் வந்தாப் போதும், விடியற்காலையில் அந்தக் கட்டடத்தைச் சுற்றி நடக்கிறதை வழக்கமாக்கிக்கிட்டார். ஓய்வு பெற்ற பின்னும் விடலை.

சும்மா எடுத்துப் போடலை. ஒவ்வொரு பறவைக்கும் இனம், தேதி, எடை, கால் எலும்பு நீளம், இறக்கை நீளம் எல்லாத்தையும் ஒரே மனுசன் தன் கையால் அளந்து நோட்டில் எழுதினார். சிகாகோவின் மத்த கட்டடங்களில் அடிபட்டுச் செத்த பறவைகளும் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன. எதுக்கு இவ்வளவுன்னு கேட்டா அன்றைக்கு அவர்கிட்டயே முழுப் பதில் இருந்திருக்காது. நான் பொட்டி தட்டுறவன், எனக்கு இது புரியுது. லாக் எழுதும்போது எந்த வரி எப்போ உதவும்னு யாருக்கும் தெரியாது. பத்து வருசம் கழிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழும்போது தெரியும்.

2019 டிசம்பரில் அந்த லாக்கில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. 1978 முதல் 2016 வரை சேர்ந்த 70,716 பறவைகள், 52 இனங்கள். கால் எலும்பின் நீளம் 2.4 சதவீதம் குறைந்திருக்கு. இறக்கை 1.3 சதவீதம் நீண்டிருக்கு. வெப்பம் கூடக் கூட உடம்பு சின்னதாகுது, சின்ன உடம்பை வச்சுக்கிட்டு அதே தூரம் பறக்க இறக்கை நீளுதுன்னு ஆய்வாளர்கள் விளக்கம் சொல்றாங்க. யோசிச்சுப் பாருங்க, கண்ணாடியில் மோதிச் செத்த பறவைங்க, உலகம் சூடாகுறதுக்குச் சாட்சி சொல்லியிருக்கு.

இன்னொரு விசயமும் அவங்க குறிச்சு வச்சிருந்தாங்க. ராத்திரி எந்த ஜன்னல்ல விளக்கு எரிஞ்சது, எந்த ஜன்னல் அடியில் எத்தனை பறவை கிடந்தது. 2021ல் அதையும் வச்சு ஓர் ஆய்வு. முடிவு பச்சைக் குழந்தைக்கும் புரியும்: எவ்வளவு ஜன்னல் வெளிச்சமா இருக்கோ அவ்வளவு சாவு. அந்தக் கட்டடத்தில் இதுவரை பதிவான குறைந்தபட்ச அளவுக்கு வெளிச்சத்தைக் குறைச்சாலே சாவு சுமார் 60 சதவீதம் குறையும்னு கணக்குப் போட்டாங்க.

சிகாகோ ஒண்ணுமே செய்யலைன்னு சொல்ல முடியாது. வலசைக் காலத்தில் ராத்திரி உயரமான கட்டடங்களோட அலங்கார விளக்கை அணைக்கிற 'லைட்ஸ் அவுட்' திட்டம் 1995லேயே இங்க வந்தாச்சு. ஆனா அது கட்டாயம் இல்லை, மனசு வச்சாத்தான். 2019ல் கார்னெல் ஆய்வாளர்கள் போட்ட பட்டியலில், ராத்திரி வெளிச்சத்தால் வலசைப் பறவைக்கு ஆபத்தான அமெரிக்க நகரங்களில், வசந்தம் இலையுதிர் ரெண்டு காலத்துக்கும் முதல் இடம் சிகாகோவுக்குத்தான். பறவை அதிகம் போற பாதை, விளக்கும் அதிகம்.

இப்ப என் கதை.

அந்த சனிக்கிழமைக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி எங்களுக்கு ரிலீஸ். டவுன்டவுன்ல ஆபீஸ், 23வது மாடி. அங்க விளக்கெல்லாம் சென்சார். ஆள் அசைஞ்சாத்தான் எரியும். கோடு அடிக்கிறவன் எங்க அசையறான்? பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை இருட்டாகும், எந்திரிச்சு நின்னு கையை ஆட்டணும். கடுப்பாயி செக்யூரிட்டிக்குப் போன் பண்ணி, "விடியற வரைக்கும் ஃப்ளோர் முழுக்க ஆன் பண்ணி விடுங்க"ன்னேன். அவரும் பண்ணிட்டாரு. ஜன்னல் திரை எல்லாம் மேலே. ஃப்ளோர்ல நான் ஒருத்தன், எரிஞ்சது நூறு விளக்கு.

காலை ஆறு மணிக்கு ரிலீஸ் முடிஞ்சு காபி வாங்கக் கீழே இறங்கினேன். கட்டடத்து ஓரம், நடைபாதையில் பழுப்பு நிறத்துல ஏதோ கிடந்தது. முதல்ல காய்ஞ்ச இலைன்னு நினைச்சேன். உச்சந்தலையில ஆரஞ்சுக் கோடு. ஓவன்பேர்டுன்னு பேருன்னு அப்புறம்தான் தெரியும். தொட்டுப் பார்த்தேன், உடம்புல சூடு இருந்தது. உயிர் இல்லை. நாலடி தள்ளி இன்னொண்ணு, அது கண்ணைத் திறந்து மூடிக்கிட்டு இருந்தது.

ஒரு அம்மா வலையும் கையில ஒரு கத்தைக் காகிதப் பையுமா வந்தாங்க. 2003ல் இருந்து இந்த ஊர்ல இதுக்குன்னே ஒரு தன்னார்வலர் குழு இருக்கு. வலசைக் காலத்தில் தினம் விடியறதுக்கு முன்னாடி டவுன்டவுன் தெருக்களைச் சுத்தி வந்து, உயிரோட இருக்கிற பறவைகளைக் காகிதப் பையில போட்டு சிகிச்சைக்கு அனுப்புவாங்க. செத்தது ஃபீல்டு மியூசியத்துக்குப் போகும். அந்த அம்மா குனிஞ்சு ரெண்டையும் எடுத்து, நேரம், தெரு, கட்டடத்தோட எந்தப் பக்கம்னு எழுதினாங்க. அப்புறம் என் கழுத்துல தொங்குற அடையாள அட்டையைப் பார்த்துட்டுக் கேட்டாங்க. "ராத்திரி இங்க எந்த மாடியில விளக்கு எரிஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் "தெரியாதுங்க"ன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. அவங்க கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகப் போறதில்லை. ஒரு கட்டத்துல ஒரு எண் எழுதணும், அவ்வளவுதான். "பரவாயில்லை"ன்னு சொல்லிட்டு அந்த இடத்தைக் காலியா விட்டுட்டு அடுத்த தெருவுக்குப் போயிட்டாங்க. மத்தியானம் பெருசுகிட்ட இதைச் சொன்னேன். அவர் திட்டலை. "சனிக்கிழமை சீக்கிரம் எந்திரி"ன்னு மட்டும் சொன்னாரு.

மெக்கார்மிக் பிளேஸுக்கு வருவோம். 2023 அக்டோபர் 5, ஒரே காலையில் அங்க செத்துக் கிடந்த பறவைகள் குறைஞ்சது 961. நாற்பது வருசத்துக்கு மேல எண்ணின வில்லர்டும் அவர் ஆட்களும் இப்படி ஒரு நாளைப் பார்த்ததே இல்லை. படம் உலகம் முழுக்கப் போச்சு. அடுத்த வருசம், 2024 கோடையில், கண்ணாடி முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளி வச்ச ஒட்டுத்தாளை ஒட்டினாங்க. ரெண்டு கால்பந்து மைதானம் அளவு கண்ணாடி, செலவு 12 லட்சம் டாலர். புள்ளியைப் பார்த்தா பறவைக்கு 'இங்க வழி இல்லை'ன்னு புரியும். அந்த இலையுதிர் காலத்துலேயே சாவு சுமார் 95 சதவீதம் குறைஞ்சது.

இதுல ஒண்ணு கவனிங்க. 95 சதவீதம்னு எப்படித் தெரியும்? முன்னாடி எத்தனைன்னு ஒருத்தர் எண்ணி வச்சிருந்ததாலதான். 1978ல் அந்த மனுசன் 'ஐயோ பாவம்'னு சொல்லிட்டுப் போயிருந்தா, 2023ல் அது ஒரு நாள் செய்தி. ஒட்டுத்தாளுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்க யார்கிட்டயும் கணக்கு இருந்திருக்காது.

வேலிக்கும் இதே கதிதான். அதை ராணுவம் காப்பாத்தலை. தினமும் போய்ப் பார்த்து, இன்னிக்கு இத்தனை இனம்னு எழுதி வச்ச ஆட்கள் காப்பாத்தினாங்க. பூங்காத் துறை பின்னாடி அந்த இடத்தைச் சீரமைச்சப்போ வேலி பிழைச்சது. கூடவே உள்ளூர்ச் செடிகளையும் நட்டாங்க.

2019ல் அதே மான்ட்ரோஸ் கடற்கரையில் (ஏரிக்கரைதான், இவங்க பீச்னு சொல்றாங்க) பைப்பிங் பிளவர்னு ஒரு சின்ன உப்புக்கொத்தி ஜோடி முட்டையிட்டது. 1980களில் பேரேரிகள் வட்டாரத்தில் இதுங்க 17 ஜோடி அளவுக்குக் குறைஞ்சு போயிருந்த இனம். மான்ட்ரோஸைப் பிச்சு ஆணுக்கு மான்டி, பெண்ணுக்கு ரோஸ்னு பேரு வச்சாங்க. ஆகஸ்டில் அந்த பீச்சுல நடக்க இருந்த ஒரு பெரிய இசைவிழா ரத்தாச்சு. தன்னார்வலர்கள் முறை வச்சுக் காவல் இருந்தாங்க. 2022 மே மாசம் மான்டி அதே மணல்ல செத்துப் போச்சு, ரோஸ் அந்த வருசம் திரும்பியே வரலை. ஆனா அதுங்க மகன் இமானி (நம்ம இசையமைப்பாளர் இமானுக்குச் சொந்தம் இல்லை) அங்கேயே திரும்பி வந்து, 2024ல் குடும்பம் நடத்தி, ஒரு குஞ்சைப் பறக்க வச்சது.

பறவைக்குன்னு நட்டதில்லை அந்த வேலி. பறவையைக் கொல்லன்னு வச்சதில்லை அந்தக் கண்ணாடி. என் விளக்கும் அப்படித்தான். யாரோட மனசுல என்ன இருந்ததுங்கிறது பறவைக்குத் தெரியாது, தேவையும் இல்லை. காலையில போய்ப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதுறவங்களால மட்டும்தான் ஏதாவது மாறியிருக்கு. நான் அந்தக் கட்டத்தைக் காலியா விட வச்சவன். அதுதான் உறுத்துச்சு.

மான்ட்ரோஸ்ல இருந்து திரும்பின அன்னிக்கு ராத்திரி அந்தக் குழுவுக்கு ஒரு மடல் போட்டேன். தேதி, தெரு, கட்டடம் எழுதிட்டு, "23வது மாடி. கிழக்குப் பக்கம். விடிய விடிய எரிஞ்சது. எரிய விடச் சொன்னது நான்தான்"னு முடிச்சேன். ரெண்டு நாள்ல பதில் வந்தது. "நன்றி. பதிவில் சேர்த்துவிட்டோம். உயிரோடு இருந்த பறவை தேறிவிட்டது, நேற்று வெளியே விட்டோம்."

இப்பல்லாம் ராத்திரி வேலைன்னா திரையை இறக்கிட்டு ஒரு டேபிள் லேம்ப் மட்டும். ஃப்ளோர் இருட்டுல உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்துட்டு செக்யூரிட்டி அண்ணன் பேய்னு நினைச்சு ஒருதடவை பயந்துட்டாரு :-)

சிகாகோ, டொரான்டோ, நியூயார்க்னு பொட்டி தட்டுற நம்மாளுங்க நிறையப் பேர் இதைப் படிக்கிறீங்க. டொரான்டோ மக்களுக்கு, உங்க ஊர்ல இதுக்கான அமைப்பு 1993லேயே வந்தாச்சு, எங்களுக்கு முன்னாடி. ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். கிளம்பும்போது அந்த ஸ்விட்சை ஒரு தட்டு தட்டிட்டுப் போங்க. காலையில கட்டடத்து ஓரம் பழுப்பா ஏதாவது கிடந்தா, இலைன்னு தாண்டிப் போயிடாதீங்க.